மூன்று கேன் பெட்ரோல்

வியாழக்கிழமை. காலை பதினொன்று இருபது. மழை நிற்கவில்லை. நான்கு பேர் தூக்குகிறார்கள். முன்னால் இரண்டு பேர். பின்னால் இரண்டு பேர். தேயிலைக்கு நடுவே பாதை ஓராளுக்குத்தான். வெளிப்பக்கத்துக் காலைச் செடிக்குள் விட்டுத்தான் நடக்க முடிகிறது. நான் முழுக்கச் செடிக்குள்ளேயே நடக்கிறேன். என் கையில் ஆக்சிஜன் சிலிண்டர். அதிலிருந்து ஒரு குழாய் தூளிக்குள் போகிறது. தூளிக்குள் என் கணவர்.

தூளி என்பது கொழுந்துப் பை. கொழுந்து வெட்டும் மெஷினுக்குப் பின்னால் கட்டுகிற நீளமான நைலான் பை. அதை அறுத்து இரண்டு மூங்கிலில் கட்டினோம். சிலிண்டரின் முள் சிவப்புக் கோட்டுக்கு மேலே இரண்டு விரல் நிற்கிறது. நான் பாதையைப் பார்க்கவில்லை. முள்ளைப் பார்த்து நடக்கிறேன்.

மேலே சத்தம். முதலில் துணி கிழிகிற மாதிரி. பிறகு லாரி கல் கொட்டுகிற மாதிரி.

"மண்ணு வருது! வலது பக்கம் ஏறு! நிக்காத, ஏறு!"

கத்தியது தங்கராஜு. எங்கள் பக்கத்து வீட்டுக்காரன், கொழுந்து லாரி ஓட்டுகிறவன். ஏறினோம். நடந்தோம் என்று சொல்ல முடியாது. செடியைப் பிடித்துப் பிடித்து ஏறினோம். ஒரு மூங்கில் தோளிலிருந்து நழுவியது. அவர் தலை என் இடுப்பில் வந்து முட்டியது. கீழே நாங்கள் நடந்துகொண்டிருந்த பாதை போய்விட்டது. அங்கே சிவப்பு மண். வேரோடு செடிகள். பதினொன்று நாற்பத்தைந்துக்குத்தான் மறுபடி இறங்க வழி கிடைத்தது. இருபத்தைந்து நிமிடம் போனது. அவ்வளவு நேரத்து ஆக்சிஜனும் போனது.

நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். லூர்துமேரி. வயது ஐம்பத்தாறு. ரிங்லெட் என்கிற மலை டவுனுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டில் மெஷின் ஸ்டோர் என் பொறுப்பு. பதினொரு வருடம். என் கணவர் சவரிமுத்து. வயது அறுபத்திரண்டு. தொழிற்சாலையில் தூள் சலிக்கும் அறையில் இருபத்தேழு வருடம் நின்றவர். பாதி நுரையீரலைத் தேயிலைத் தூசி தின்றது. மீதியை அவரே சிகரெட்டுக்குக் கொடுத்தார். இரண்டு வருடமாக வீட்டில் ஆக்சிஜன் மெஷின். கரண்டில் ஓடுவது. காற்றை இழுத்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும். அதற்கு அவர் வைத்த பெயர் சின்ன வீடு. "அவ இல்லாம எனக்குத் தூக்கம் வராது மேரி" என்பார். வெட்கம் கெட்ட மனிதர்.

அந்த மெஷின் நின்றால் அவர் நிற்பார். எங்கள் லைனில், வரிசையாக ஒட்டிக் கட்டிய பத்து வீட்டிலும், எல்லோருக்கும் இது தெரியும். அதனால்தான் தயாரானோம். தயாராகாமல் செத்தோம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நாங்கள் நன்றாகத் தயாரானோம்.

போன வருடம் ஒரு நாள் முழுக்கக் கரண்ட் இல்லை. அன்று தங்கராஜு இவரைக் கொழுந்து லாரியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் பறந்தான். மறு வாரமே பத்து வீட்டையும் கூட்டினான். "நாளைக்கு ரோடும் போய், கரண்டும் போச்சுன்னா என்னா செய்வோம்? யோசிங்கலா" என்றான். பெர்த்தாம் பள்ளத்தாக்கில் சேறு புகுந்த வருடத்தைப் பார்த்தவர்கள் நாங்கள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை. பத்து வீடும் சேர்ந்து ஒரு ஜென்செட் வாங்கினோம். வைத்தது எங்கள் வீட்டுப் பின்பக்கம், தகரக் கூரைக்கு அடியில். அரிசி, மெழுகுவத்தி, பேட்டரி ரேடியோ, குடிதண்ணீர்த் தொட்டி எல்லாம் ஆளுக்கொன்றாகப் பொறுப்பு பிரித்தோம். கிளினிக்கில் கெஞ்சி ஒரு சிலிண்டரும் வாங்கி வைத்தேன். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் விட்டால் ஐந்தரை மணி நேரம் வரும்.

பெட்ரோல் என் பொறுப்பு. ஸ்டோர் சாவி என்னிடம் இருக்கிறது, வேறு யார் பார்ப்பது? தங்கராஜு கீழே டவுனில் ஒரு பெட்ரோல் கடையிலிருந்து மூன்று கேன் கொண்டுவந்தான். கேனுக்கு இருபது லிட்டர். ஜென்செட் டேங்கில் ஏற்கெனவே பதினைந்து லிட்டர். இவருடைய மெஷின் மட்டும் ஓடி, ஒரு பல்புகூடப் போடாவிட்டால் ஐந்து நாள் தாங்கும். மாதம் ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்து பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்போம். ஏழு ஞாயிறு ஓட்டினோம். ஏழு தடவையும் முதல் இழுப்பில் பிடித்தது. பத்து வீடும் கை தட்டும். இவர் உள்ளேயிருந்து, "என் சின்ன வீட்டுக்கு ஜெனரேட்டரே வந்துடுச்சு" என்று சத்தம் போடுவார்.

செவ்வாய்க்கிழமை. காலை ஆறு நாற்பது. வேலைக்கு அழைக்கும் சங்கு ஊதத் தொடங்குகிறது. பாதியில் நிற்கிறது. அப்படி அது நின்றதே இல்லை. வீட்டில் விளக்கு போகிறது. ஆக்சிஜன் மெஷின் கீச்சென்று நீளமாகக் கத்துகிறது. அது கரண்ட் போனால் கத்தும் சத்தம். ஆறு ஐம்பத்தைந்துக்குள் ஜென்செட் ஓடியது. சிலிண்டரைத் தொடக்கூட வேண்டியிருக்கவில்லை. ரேடியோவில் சொன்னார்கள்: தீபகற்பத்தில் பாதிக்குக் கரண்ட் இல்லை. எப்போது வரும் என்று சொல்ல முடியாது. நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குப் பெருமையாக இருந்தது. அதையும் எழுதத்தான் வேண்டும்.

மதியம் மழை கனத்தது. நான்கு பதினைந்துக்கு எஸ்டேட் ரோட்டு வளைவில் மண் சரிந்தது. தங்கராஜு இந்தப் பக்கம், அவன் லாரி அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டது. தொழிற்சாலையில் பெரிய ஜென்செட் உண்டு. அதுவும் அந்தப் பக்கம். சாயங்காலம் போன் டவர் பேட்டரி தீர்ந்து கைப்பேசி செத்தது. அன்றே இவரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம். சிலிண்டர் முழுசாக இருந்தது. ஐந்தரை மணி நேரம். தேயிலைக்குள் இறங்கி நடந்தால் கீழ் ரோட்டுக்கு மூன்று மணி நேர வழி. தங்கராஜு கேட்டான். நான்தான் வேண்டாம் என்றேன். மழையில் அவரை நனைப்பானேன், அறுபது லிட்டர் இருக்கிறதே என்றேன்.

புதன்கிழமை. காலை ஒன்பது பத்து. டேங்க் காலி. முதல் கேனைத் திறந்து ஊற்றினோம். இழுத்ததும் பிடித்தது. ஆனால் சத்தம் மாறியது. நேற்று வரை ஒரே சுருதி. இப்போது இருமுகிறது. பின்னாலிருந்து நீலப் புகை. தங்கராஜு புகையைக் கையால் விலக்கிவிட்டு, "நேத்தெல்லாம் ஓடுனுச்சில்ல, களைச்சிருக்கும்" என்றான். ஜென்செட் என்ன, கொழுந்து சுமக்கிற ஆளா?

மதியம் இரண்டு முப்பத்தைந்துக்கு நின்றது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினான். கறுப்பு. ஈரம். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான். அடுப்பு நெருப்பில் காட்டினான். மாட்டினான். ஓடியது. அதற்கு இருபத்தைந்து நிமிடம். அவ்வளவு நேரமும் சிலிண்டர். ஐந்து பத்துக்கு மறுபடி நின்றது. மறுபடி கழற்றினான். விடிவதற்குள் இன்னும் மூன்று முறை. டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கழற்றினான், மாட்டினான். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட இறுக்கினான். சிலிண்டரின் முள் இறங்கிக்கொண்டே வந்தது. இவர் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு வராது. வாய் திறந்தே இருந்தது. வேடிக்கைப் பேச்சு நின்றுபோயிருந்தது.

வியாழக்கிழமை. காலை ஏழு நாற்பது. ஆறாவது முறை நின்றது. அப்போது ரஃபிக் வந்தான். கடைசி லைனில் இருக்கும் வங்காளப் பையன்களில் ஒருவன். கொழுந்து மெஷின் ஓட்டுகிறவன். தினமும் காலையில் என் கையால்தான் அவன் மெஷினுக்குப் பெட்ரோல் வாங்கிப் போவான். ஜென்செட்டின் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் குனிந்து மோந்தான்.

"அக்கா, இது நம்ம மெஷின் புகை. மினியாக் வாசம்."

எண்ணெயை இங்கே எல்லோரும் மினியாக் என்போம். கேனைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றினான். நீலப் பச்சை நிறம். இரண்டு விரலால் தேய்த்தான். வழவழப்பு. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.

கொழுந்து மெஷினுக்கு வெறும் பெட்ரோல் ஆகாது. எண்ணெய் கலக்க வேண்டும். இருபது லிட்டருக்கு எண்ணூறு மில்லி. கலக்காமல் ஊற்றினால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், மெஷின் போய்விடும். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் அப்படி ஒரு மெஷின் போயிற்று. துரை எல்லோர் முன்னாலும் சொன்னார்: இனிமேல் ஸ்டோருக்குள் வெறும் பெட்ரோல் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. எஸ்டேட் மேனேஜரை நாங்கள் இன்னும் துரை என்றுதான் சொல்கிறோம். துரை சொன்னால் சொன்னதுதான். அன்றிலிருந்து என் வாசலைத் தாண்டி எந்தக் கேன் வந்தாலும் முதல் வேலை எண்ணெய் கலப்பது. எண்ண மாட்டேன். யோசிக்க மாட்டேன். சோற்றுக்கு உப்புப் போடுகிற கை. தங்கராஜு அந்த மூன்று கேனை இறக்கிய காலையில் வாசலில் பதினாறு மெஷின் வரிசையில் நின்றது. சங்கு ஊதிவிட்டது. எல்லாக் கேனையும் திறந்தேன். ஊற்றினேன். மூடினேன். அதற்குப் பிறகுதான் மூன்றில் மட்டும் மார்க்கரால் ஜென்செட் என்று எழுதி மூலையில் வைத்தேன். அழகாக எழுதினேன்.

ஜென்செட்டுக்கு வெறும் பெட்ரோல்தான் வேண்டும். எண்ணெய் கலந்தால் பிளக் கரி பிடித்துச் சாகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஏழு ஞாயிறு ஓட்டிப் பார்த்தோமே, அது ஜென்செட் வாங்கின கடையிலேயே நிரப்பிய டேங்க். கேனில் இருந்ததை ஒரு நாளும் ஊற்றிப் பார்க்கவில்லை. ஊற்றும்போது நிறத்தைப் பார்த்தவர்களும் சந்தேகப்படவில்லை. எஸ்டேட்டில் பெட்ரோல் என்றால் எங்களுக்கு அந்த நிறம்தான்.

தங்கராஜும் மோந்து பார்த்தான். அவன் முகம் சிவந்தது. "கடக்காரன் கலப்படம் பண்ணிட்டான்க்கா. சாவட்டும் அவன். நாசமா போவட்டும்" என்றான். நான் வாயைத் திறக்கவில்லை. ரஃபிக்கும் திறக்கவில்லை. நேரமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நேரம் இல்லைதான். ஆனால் நான் பேசாததற்குக் காரணம் அது இல்லை.

லைனில் இருந்த மோட்டார் சைக்கிள்களில் பெட்ரோலை உறிஞ்சினார்கள். நல்ல பெட்ரோல். எட்டு லிட்டர் சேர்ந்தது. டேங்கைக் கவிழ்த்து, துடைத்து, ஊற்றினோம். எட்டு இருபதுக்கு ஓடியது. பழைய சுருதி. புகை இல்லை. இவருக்கு உதட்டில் நிறம் திரும்பியது. நான் ஜெபமாலையை எடுத்தேன். அந்த நாற்பது நிமிடத்தில் என்னிடம் நேர்த்திக்கடன் வாங்காத புனிதர் இல்லை.

ஒன்பது மணி. டப். துப்பாக்கிச் சத்தம். தகரக் கூரையில் ஏதோ அடித்து விழுந்தது. பிளக். இரவெல்லாம் கழற்றிக் கழற்றி இறுக்கியதில் அது உட்காருகிற மரை தேய்ந்து போயிருந்தது. என்ஜின் அதைத் துப்பிவிட்டது. தங்கராஜு வெள்ளித்தாள் சுற்றி வைத்தான். நிற்கவில்லை. கம்பி கட்டிப் பார்த்தான். நிற்கவில்லை. முட்டி போட்டு உட்கார்ந்து அந்த ஓட்டைக்குள் விரலை விட்டு அழுதான். நல்ல பெட்ரோல் ஏழரை லிட்டர் உள்ளே இருந்தது.

சிலிண்டரில் இரண்டரை மணி நேரம் மிச்சம். இரண்டு லிட்டரை ஒன்றரையாகக் குறைத்தேன். அப்படியானால் மூன்று மணி நேரத்துக்கு மேல் வரும். குறைத்ததும் அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். குறைத்தேன் என்று அவருக்குத் தெரிந்தது. ரஃபிக்கை முன்னால் ஓடச் சொன்னோம். ரிங்லெட் கிளினிக்கில் சொல்லி, கீழ் ரோட்டு முனைக்கு வண்டி கொண்டுவர வேண்டும். செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு ஓடினான். ஒன்பது இருபத்தைந்துக்கு நாங்கள் தூக்கினோம்.

இப்போது திரும்பவும் அந்தச் சரிவுக்கு வருகிறேன். பன்னிரண்டு மணி. முள் சிவப்புக் கோட்டில். தூக்குகிறவர்களின் தோளில் ரத்தம். கீழே ரோடு தெரிகிறது. ரோட்டில் வண்டி இல்லை.

"தாஹான் பண்ணுங்கண்ணே! அதோ ரோடு, பாருங்க! தாஹான் பண்ணுங்க!"

தங்கராஜு கத்திக்கொண்டே நடக்கிறான். தாங்கிக்கொள்ளச் சொல்கிறான். இவர் எதைத் தாங்குவது? பன்னிரண்டு இருபத்தைந்து. சிலிண்டரில் அந்த மெல்லிய சீறல் சத்தம் நின்றது. இரண்டு நாளாக அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நின்றதும் காது அடைத்த மாதிரி ஆயிற்று. தூளியை இறக்கச் சொன்னேன். அவரை நிமிர்த்தி என் மார்பில் சாய்த்துக்கொண்டேன். தேயிலைச் செடிக்குள் உட்கார்ந்திருக்கிறோம். தங்கராஜு ரோட்டைப் பார்த்து இறங்கி ஓடினான். மற்ற மூன்று பேரும் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள்.

அவர் காதில் சொன்னேன். "கடக்காரன் இல்லீங்க. நான்தான் எண்ணெய் கலந்துட்டேன்."

அவருக்கு மூச்சு மேலே மேலே வாங்கியது. தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கியது. கேட்டிருக்காது என்று நினைத்தேன். பிறகு அவர் தலையைத் திருப்பினார்.

"மூனு கேன்லயுமா?"

"ஆமாங்க. மூனுலயும்."

சிரித்தார். சத்தியமாகச் சொல்கிறேன், அவர் சிரித்தார். இருபத்தேழு வருடம் மெஷின்களோடு இருந்தவர். அவருக்கு அது வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். அந்தச் சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமல் நிற்கவில்லை. அவர் உதடு நீலமாவதைப் பார்த்தேன். விரல் நகங்களைப் பார்த்தேன். என் வாயை அவர் வாயில் வைத்து ஊதினேன். என்னிடம் இருந்த காற்று முழுக்க ஊதினேன். பன்னிரண்டு ஐம்பதுக்குத் தோள் ஏறுவது நின்றது. வண்டி ஒன்று பதினைந்துக்கு வந்தது. முன் சீட்டில் ரஃபிக். இரண்டு காலிலும் ரத்தம்.

வெள்ளிக்கிழமை மாலை கரண்ட் வந்தது. ஆக்சிஜன் மெஷினின் வயரை யாரோ பழையபடி வீட்டுச் சுவரில் செருகியிருந்தார்கள், சுவிட்சை யாரும் அணைத்திருக்கவில்லை. அது தானாக ஓட ஆரம்பித்தது. காலியான கட்டிலுக்கு ஆக்சிஜன் கொடுத்துக்கொண்டிருந்தது. போய் அணைத்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இங்கே போர் நடக்கவில்லை. யாரும் எங்கள் மேல் குண்டு போடவில்லை. கரண்ட் போனது, மழை பெய்தது, அவ்வளவுதான். அதனால் மறந்துவிடுவார்கள். இப்போது பக்கத்து ஊர்களில், திரிங்காப்பிலும் பெர்த்தாமிலும், லைனுக்கு லைன் ஜென்செட் வாங்குகிறார்கள். என்னிடம் வந்து கேட்கிறார்கள். அவர்களுக்குச் சொல்கிறேன். வாங்குங்கள். ஆனால் சோதிக்கும்போது டேங்கில் இருப்பதை வைத்துச் சோதிக்காதீர்கள். கேனில் இருப்பதை ஊற்றி, ஒரு முழு நாள் ஓட்டுங்கள். மாற்றுப் பிளக் வையுங்கள். இரண்டாவது சிலிண்டர் கிடைக்காவிட்டால் கிளினிக் வாசலில் படுத்துக்கொள்ளுங்கள். ரோடு இருக்கும்போதே நோயாளியைக் கீழே கொண்டுபோய்விடுங்கள். தயாராக இருக்கிறோம் என்ற திமிரில் வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள்.

இழந்தவற்றின் கணக்கு.

ரோடு ஒன்று. தேயிலைச் சரிவு இரண்டு. பத்து வீட்டு ஜென்செட் ஒன்று. தங்கராஜின் வலது தோள். இன்னும் அவனால் கையைத் தலைக்கு மேல் தூக்க முடியவில்லை. ரஃபிக்கின் இடது கால் பெருவிரல்.

ஆள் ஒருவர். சவரிமுத்து.

டவுனில் ஒரு கடைக்காரரின் நல்ல பெயர். அடக்கத்தன்று தங்கராஜு கல்லறை வாசலில் நின்று எல்லோரிடமும் சொன்னான். அன்றிலிருந்து எங்கள் லைனில் ஒருவர்கூட அங்கே பெட்ரோல் போடுவதில்லை. அந்த மனிதர் எங்கள் பையன்களைப் பார்த்தால் தலையைக் குனிந்துகொள்கிறார். அவர் எதையும் கலக்கவில்லை. நான் சும்மா இருந்தேன். எத்தனையோ மாதம் சும்மா இருந்தேன்.

தங்கராஜு இதை வாசிப்பான். தினமும் காலையில் வேலைக்குப் போகும்போது என் வாசலில் நின்று, "அக்கா, ஏதாச்சும் வேணுமா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறான். நாளையிலிருந்து நிற்பானோ மாட்டானோ. அதையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.